மாப்பிள்ளைகள் குடிவரும் ஊர்

1

இந்தப் பங்குனியோடு நான் திருகோணமலைக்கு வந்து நான்கு வருடம் நிறைகிறது. ஊரிலிருந்து பேசும் நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அங்கே எப்படி இருக்கிறது? மழையைப் பற்றியும் மீனைப் பற்றியும் இரண்டு வரி சொல்லி நிறுத்திவிடுவேன். இலங்கையிலிருந்து வெளியே போனவர்களின் கதைகளைத்தான் நாம் படித்திருக்கிறோம். மணப்பாறையிலிருந்து உள்ளே வந்து குடியிருப்பவனின் கதையை எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. சென்ற மாசியில் அப்பா வந்து போனார். அதற்குப் பிறகுதான் இதை எழுதலாம் என்று தோன்றியது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் மனைவி சுகந்தி திருகோணமலையில் பிறந்தவள். கைக்குழந்தையாகப் படகில் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் வளர்ந்தாள். நான் படித்த பாலிடெக்னிக்கில் எனக்கு ஒரு வருடம் இளையவள். எங்கள் கல்யாணம் முடிந்து சில காலத்தில் அவளுடைய பெற்றோர் ஊர் திரும்பினார்கள். திருகோணமலையை ஒட்டிய பாலையூற்றில் அவள் அம்மாவின் பெயரில் ஒரு வளவு இருந்தது. வீடும் கிணறும் மரங்களும் சேர்ந்த மனையை இங்கே வளவு என்கிறார்கள். காடு மண்டிக் கிடந்ததை வெட்டித் திருத்தி, மெல்ல மெல்ல ஒரு வீட்டை எழுப்பினார்கள். சுகந்தி கர்ப்பமானபோது தாயிடம் போக வேண்டும் என்றாள். நானும் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் திரும்பி வந்து ஒரே வாக்கியம் சொன்னார்.

"வீட்டோட மாப்பிள்ளையா போறவன், போற இடத்துல தட்டு கழுவவும் பழகிக்கிட்டுப் போ."

அதன் பிறகு தொலைபேசியில் பேசினார். உடம்பு எப்படி, மழை உண்டா என்று கேட்பார். நான் இருக்கும் வீட்டை மட்டும் ஒருநாளும் "உன் வீடு" என்று சொன்னதில்லை. "அந்த வீடு" என்பார்.

2

இங்கே எனக்குக் கிடைத்த வேலை அரிசி ஆலை இயந்திரங்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும். கோயம்புத்தூரில் செய்த இயந்திரங்களை வாங்கி விற்கும் ஒரு சிறிய நிறுவனம். கிண்ணியா, மூதூர், கிளிவெட்டி, கந்தளாய் என்று மாவட்டம் முழுக்க ஆலைகள் உண்டு. வாரத்தில் நான்கு நாளாவது பேருந்தில் இருப்பேன்.

வருவதற்கு முன்பே இந்தத் துறைமுகத்தைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். எத்தனை நாட்டுக் கப்பல்கள் இதற்காக முட்டிமோதின என்பதெல்லாம் தெரியும். ஆனால் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் மான் இல்லை. வந்த முதல் வாரம், கடைத்தெருவில் புள்ளிமான் ஒன்று காய்கறிக் கடை வாசலில் நின்று முட்டைக்கோஸ் இலை தின்றுகொண்டிருந்தது. கடைக்காரர் அதைத் தாண்டிப் போய் ஒருவருக்குத் தேங்காய் கொடுத்தார். இன்னொரு நாள் எங்கள் அலுவலக முற்றத்துக்குள் இரண்டு மான்கள் வந்துவிட்டன. நான் கதவைச் சாத்திவிட்டு, வனத்துறைக்குச் சொல்ல வேண்டுமா என்று கணக்காளரிடம் கேட்டேன். நம் ஊரில் வீட்டுக்குள் மான் நின்றால் யாராவது ஒருவர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கும். என் விசாவோ அப்போது பாதி வழியில் இருந்தது.

"என்னெண்டு சொல்லப் போறீங்கள்?" என்றார் அவர். "மான் வந்து நிக்குது, இருக்கக் கதிரை போடவோ எண்டு கேக்கவோ?"

வேலையிலும் இப்படி ஒரு முட்டாள்தனம் நடந்தது. கிண்ணியாவில் சலீம் ஹாஜியாரின் ஆலையில் நிறம் பிரிக்கும் இயந்திரம் ஒன்றைப் பொருத்தினேன். கறுப்பு மணி, பழுப்பு மணி எல்லாவற்றையும் கண்ணாடி வழியே பார்த்து ஊதித் தள்ளும் இயந்திரம் அது. கோயம்புத்தூரில் வெள்ளை அரிசிக்குப் பழக்கி அனுப்பியிருந்தார்கள். ஹாஜியார் சிவப்பரிசியைக் கொட்டச் சொன்னார். இயந்திரம் அத்தனையையும் கழிவுப் பக்கம் தள்ளிவிட்டது. நல்ல அரிசி விழ வேண்டிய சாக்கில் ஒரு கைப்பிடிகூட இல்லை. ஹாஜியார் கழிவுச் சாக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்கட மெசின் எங்கட சோத்தக் குப்பை எண்டு சொல்லுது."

அன்று முழுக்க உட்கார்ந்து அதற்குச் சிவப்பைப் பழக்கினேன். அன்றிலிருந்து அவர் எனக்கு நெருக்கம்.

பேருந்துச் சன்னலிலிருந்து பார்த்தவற்றில் வெகுநாள் எனக்குப் பிடிபடாமல் இருந்தது வேறொன்று. ஒரே வளவுக்குள் இரண்டு மூன்று வீடுகள் இருக்கும். முன்னால் ஓடு போட்டு வெள்ளையடித்த வீடு. பக்கத்தில் கூரைமட்டம் வரை எழும்பி, கம்பிகள் வானத்தைப் பார்க்க நிற்கும் சுவர்கள். அதற்கும் அப்பால் வெறும் அத்திவாரம், அதன்மேல் ஆடு. பின்மூலையில் ஒரு சிறிய கொட்டில், அதில் அடுப்புப் புகை. கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர் வரை, அதற்கும் அப்பால் கிளிவெட்டி வரை இதே காட்சிதான். போரில் பாதியில் நின்றுபோன வீடுகள் என்று என் நாட்குறிப்பில் இரண்டு இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று ஆனியில், மற்றது ஆவணியில். இரண்டும் தவறு. கார்த்திகை மழையில் ஆலையில் மாட்டிக்கொண்ட ஒரு மத்தியானம் ஹாஜியாரிடம் கேட்டேன். அவருடைய வளவிலும் அப்படித்தான் இருந்தது.

"அது மூத்த மகள்ட வீடு. இது ரெண்டாவது மகள்ட, அடுத்த போகத்துக்குக் கூரை போடோணும். அந்த அத்திவாரம் கடைக்குட்டிட. அவ இன்னம் பள்ளிக்கூடம் போறா, அவசரமில்ல."

"மகன்களுக்கு?"

"அவனுகளுக்கென்ன, போற இடத்தில வீடு இரிக்கும்."

பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான். பெற்றவர்கள் பின்னால் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். கிண்ணியாவில் முஸ்லிம்களிடமும் கிளிவெட்டியில் இந்துக்களிடமும் இதே வழக்கம்தான். நான் நடந்த தெருக்களில் பார்த்த ஆண்கள், தேநீர்க்கடையில் அரசியல் பேசிய மீசைக்காரர்கள், ஆலை முதலாளிகள் என்று அநேகமாக எல்லோரும் மனைவி வீட்டில் இருப்பவர்கள். இந்த ஊரில் என்னை ஒருவரும் கேலி செய்யாததற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. அவர்களுக்குக் கேலி செய்ய அதில் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போன் செய்து ஆசையாக எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீ வசதியா ஒரு ஊரக் கண்டுபிடிச்சிருக்கடா" என்றார்.

3

விசாவைப் பற்றி ஒரு வார்த்தை. வருடம் ஒருமுறை கொழும்புக்குப் போக வேண்டும். என் வதிவிட அனுமதிக்குப் பொறுப்பாளி சுகந்தி. அவள் வந்து நேரில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் முறை அந்த அலுவலகத்தில், "உங்களுக்குப் பொறுப்பு ஆர்?" என்று தமிழ் தெரிந்த ஓர் அம்மா கேட்டார். "என் மனைவி" என்று தணிந்த குரலில் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை. "அப்ப மனிசியக் கூப்பிடுங்கோ" என்றார். முப்பது வருடம் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் வரிசையில் நின்றவள் சுகந்தி. இப்போது எனக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து, "பாத்தீங்களா, இப்ப நீங்க என்ட ஆள்" என்றாள். திருச்சித் தமிழும் திருகோணமலைத் தமிழும் அவளிடம் இப்படித்தான் கலந்து வரும்.

எங்கள் மகள் மயூரியிடம் கலப்பே இல்லை. மூன்று வயதாகிறது. "ஆமாம்" என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை, "ஓம்"தான். முடியாது என்பதற்கு "ஏலாது". தொலைபேசியில் என் அப்பாவை "அப்பப்பா" என்று கூப்பிடுவாள். முதல் முறை அவர், "யாருடா அது அப்பப்பா? தாத்தான்னு சொல்லச் சொல்லு" என்றார். சொல்லிக் கொடுத்தேன். "தாத்தா எண்டா சுந்தரம் தாத்தா" என்று அடுத்த தெருக்காரரைக் காட்டிவிட்டு ஓடிவிட்டாள். நான் பேசுகிற தமிழ் என் வீட்டில் என்னோடு முடிந்துவிடும் போலிருக்கிறது. சில நாள் இது வருத்தமாக இருக்கும். சில நாள் நானே நாட்குறிப்பில் தேதியை அடித்துத் திகதி என்று எழுதியிருப்பேன்.

4

அப்பா வரப்போவதாகச் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. "புள்ளையப் பாக்கணும்" என்றார். அவ்வளவுதான். அம்மாவுக்கு நெடும்பயணம் ஒத்துவராது; நான் கொழும்புக்குப் போய் அவரை மட்டும் அழைத்து வந்தேன். ஹபரணைக் காட்டுவழியில் யானை கடக்கும் இடம் என்று பலகை வைத்திருந்ததைப் பார்த்து, "யானைக்கு யாருடா டிக்கெட் போடுறது?" என்று கேட்டார். நல்ல மனநிலையில்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். திருகோணமலையை நெருங்கும்போது, "ஏதாவது லாட்ஜில எறக்கி விடு" என்றார்.

"வீடு இருக்கேப்பா."

"அது சம்பந்தி வீடு. என் மகன் வீடுன்னு ஒன்னு இருந்தா அங்க வந்து தங்குறேன், சாப்பிடுறேன். இல்லாதப்ப எதுக்கு?"

பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்காத வழக்கம் நம் பக்கம் சில குடும்பங்களில் உண்டு. அது பெண்ணைப் பெற்றவர்களுக்கு. மகன் இருக்கும் வீட்டில் சாப்பிடக் கூடாது என்று எந்தச் சாதியிலும் எந்த ஊரிலும் வழக்கமில்லை. அப்பா தனக்கென்று தனியாக ஒன்றை உண்டாக்கியிருந்தார். உப்புவெளியில் கடற்கரையோரமாக ஒரு விடுதியில் அறை எடுத்தோம். அங்கே காலையில் வெள்ளைக்காரர்கள் மணலில் விரிப்புப் போட்டுத் தலைகீழாக நின்றார்கள். அப்பா சன்னலைச் சாத்திவிட்டார்.

தினமும் ஒரு ஆட்டோவில் பாலையூற்றுக்கு வருவார். படலையைத் திறந்து உள்ளே வந்து மாமரத்தடியில் உட்காருவார். மாமா, அதாவது சுகந்தியின் அப்பா, கதிரை கொண்டுவந்து போட்டு எதிரில் உட்காருவார். இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். மயூரி மடியில் ஏறுவாள், இறங்குவாள். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் அப்பா எழுந்துவிடுவார். "வெளில சாப்பிட்டேன்" என்பார். படி ஏறி வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கவில்லை.

முதல் நாள் மாமி ஏழு கறி வைத்திருந்தார். இரண்டாம் நாள் ஐந்து. மூன்றாம் நாள் நான் குசினிக்குள் போனபோது சுகந்தி மூடிய சட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாவும் அப்பாவும் முப்பது வருசமா ஒரே அறையில இருந்தவங்க" என்றாள். "மழ பெஞ்சா ஒழுகுற அறை. அங்க வந்து உங்கப்பா அம்மாட கையால டீ வாங்கிக் குடிச்சவர், நம்ம கல்யாணம் பேசேக்க. இப்ப இவங்களுக்கெண்டு ஒரு வீடு இருக்கு. வந்து தண்ணி குடிக்க மாட்டேங்கிறார்."

மாமி கறியை இறக்கி வைத்துவிட்டு, "விடு பிள்ளை" என்றார். "அவர் இந்தளவு தூரம் வந்ததே பெரிசு. ஆனா ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போனாரெண்டா எனக்கு அதுவே காணும்."

அப்பா இருக்கப்போவதோ இன்னும் சில நாள். இந்த முறை சாப்பிடாமல் போனால் அவர் திரும்ப வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தப் படலையும் அதற்குப் பிறகு அவருக்காகத் திறக்குமா என்பது சந்தேகம். சுகந்தி எதையும் சீக்கிரம் மறக்கிறவள் இல்லை.

5

மாசியில் பெரும்போக அறுவடை முடிந்து ஆலைகள் ஓய்வில்லாமல் ஓடும். எனக்கு விடுப்பில்லை. மறுநாள் ஹாஜியார் ஆலையில் வேலை இருந்தது. லாட்ஜ் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு என்னோடு வரலாமே என்று கேட்டேன். பேருந்து என்றதும் உடனே சட்டையை எடுத்தார். புதன்கிழமை என்று நினைவு வைத்திருந்தேன். குறிப்பைப் பார்த்தால் வியாழன்.

கிளிவெட்டி பஸ். ஏறியதும் அப்பா முன் இருக்கையில் உட்காரப் போனார். அது மதகுருமாருக்கு ஒதுக்கிய இருக்கை என்று நான் இழுத்துப் பின்னால் உட்கார வைத்தேன். "சாமியாருக்கு ரிசர்வேசனா?" என்று வியந்தார். அதற்குப் பிறகு அவர் கடலையும் பார்க்கவில்லை, பாலத்தையும் பார்க்கவில்லை. நடத்துநரையே பார்த்துக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒல்லியான ஆள். படிக்கட்டில் தொங்கிக்கொண்டே வந்தார்.

"விசில் இல்லியா தம்பி?" என்று கேட்டார் அப்பா.

"என்னத்துக்கு ஐயா? தட்டினாச் சாரதிக்குக் கேக்கும்." தகரத்தில் ரெண்டு தட்டு தட்டிக் காட்டினார். பஸ் நின்றுவிட்டது. சாரதி திரும்பிப் பார்த்துத் திட்டினார்.

அப்பா சத்தமாகச் சிரித்தார். வந்து இறங்கிய பிறகு அவர் அப்படிச் சிரித்தது அதுவே முதல் முறை. தானும் முப்பது வருடம் இதே தொழில்தான் என்று சொன்னார். நடத்துநர் உடனே பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி வண்டி, ஓடிவந்து ஏறுகிறவர்கள், சில்லறை இல்லாத பெரிய நோட்டு என்று கதை போயிற்று. அப்பா வழக்கம்போல் ஊரை விசாரித்தார்.

"சொந்த ஊர் கிளிவெட்டிங்களா?"

"இல்லை ஐயா, நான் நிலாவெளி. கலியாணம் முடிச்சது கிளிவெட்டியில. அங்கதான் இருக்கிறன்."

"மாமியார் வீட்டுலயா?"

"மனிசிட வீட்டில."

"கஷ்டமா இல்லியா?"

நடத்துநருக்குக் கேள்வி விளங்கவில்லை. "கரண்ட் இருக்கு, தண்ணி இருக்கு" என்றார்.

"அதில்ல தம்பி. ஆம்பள போயி அங்க இருக்கிறது."

"அப்ப உங்கட பக்கம் மாப்பிள்ளை எங்க இருக்கிறவர்?"

"அவன் வீட்டுலதான். பொண்ணுதான் அங்க வரும்."

"தாய்தகப்பன விட்டிட்டோ?" நடத்துநர் கொஞ்சம் யோசித்தார். "பாவமெல்லே, அந்தப் பிள்ளை. தெரியாத வீட்டில போய்ச் சமைக்கோணும்."

அப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் தங்கை செல்வியைக் கரூரில் கொடுத்திருக்கிறோம். கல்யாணமான முதல் வருடம் அவள் போனில் பேச ஆரம்பித்தாலே அழுவாள். அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்துபோவார். அவர் அதை நினைத்தாரா என்று நான் கேட்கவில்லை. கிண்ணியாவில் இறங்கும்போது நடத்துநரின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

சாலையோரமாக எருமைத் தயிர்ச் சட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தார்ச்சாலையின் பாதியில் நெல் காய்ந்தது. அப்பா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நான் சொன்ன வளவுகளை, எழும்பி நிற்கும் சுவர்களை, அத்திவாரங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

சலீம் ஹாஜியார் அப்பாவைக் கட்டித் தழுவி வரவேற்றார். "தம்பிட வாப்பாவா? இரிங்க, இரிங்க." தட்டில் தயிரும் மேலே பாணியும் வந்தது. நான் இயந்திரத்தைக் கழற்ற உட்கார்ந்தேன். இரண்டு பேரும் எனக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்தது முழுவதும் கேட்டது. மின்சாரத்தை நிறுத்தியிருந்தேன்.

"தயிர்ல வெல்லப்பாகா?" என்றார் அப்பா.

"திண்டு பாருங்க."

தட்டில் கரண்டி உரசியது. பிறகு அப்பா, "பரவாயில்ல" என்றார். அவர் அகராதியில் அது பெரிய வார்த்தை.

"ஹாஜியாருக்கு இதே ஊருங்களா?"

"எனக்கு மூதூர். கலியாணம் முடிச்சி இஞ்ச வந்த."

அப்பா பெருமூச்சு விட்டார். "நீங்களுமா? காலைல இருந்து பாக்குற ஆளெல்லாம் இதத்தான் சொல்றாங்க. எங்க ஊர்ல இதுக்கு ஒரு பேர் இருக்குங்க. சொன்னா வருத்தப்படுவீங்க. வீட்டோட மாப்பிள்ளைம்போம்."

ஹாஜியார் அதைச் சொல்லிப் பார்த்தார். "வீட்டோட மாப்பிள்ள. ஓம், சரிதானே. மாப்பிள்ளைய வீட்டோட வைக்காம ரோட்டிலயா வைக்கிற?"

நான் திரும்பிப் பார்க்காமல் நட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தேன்.

"எத்தனை வருசமானாலும் அது மாமனார் வீடுதானுங்களே" என்றார் அப்பா கடைசியில். "நீங்க உழைச்சு ஆலை கட்டினாலும் அந்த வீட்டுல உங்களுக்கு என்ன?"

"மாமனார்ட வீடா? ஆர் சொன்ன? மாமா இருந்த காலத்திலயே அது அவர்ட இல்ல. அவர் மாமிய முடிச்சி வந்து இருந்தவர். வீடு மாமிட. மாமி மகளுக்குக் குடுத்தா. இப்ப என்ட பொஞ்சாதிட. அவ மூத்த மகளுக்கு அதை எழுதப் போறா. ஆம்புளையள் நாங்க எல்லாரும் வந்து போற ஆக்கள்தான்."

"அப்ப அந்த வீடு யாரோடதுன்னு கேட்டா?"

"பொம்புளப் புள்ளைட. எப்பவும் அந்த வம்சத்தில கடைசியாப் பொறந்த பொம்புளப் புள்ளைட எண்டு வைங்களன். அதுக்காகத்தானே கட்டுற."

அப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் தயிர் கிடைக்குமா என்று கேட்டார்.

சாயங்காலம் திரும்பினோம். உப்புவெளியில் இறங்கும்போது ஒன்று மட்டும் கேட்டார். "மயூரிக்கு அடுத்து இன்னொன்னு யோசனை இருக்கா?"

"இல்லப்பா."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

6

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிட உட்காரும் நேரத்தில் படலைக்கு வெளியே ஆட்டோ வந்து நின்றது. அந்த நேரத்தில் அப்பா வருவதில்லை. எட்டிப் பார்த்தேன். கையில் பை இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த அதே பெரிய பை. விடுதியைக் காலி செய்துவிட்டுத் திரும்பிப் போகக் கிளம்பிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. சுகந்திக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். கரண்டியைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்துவிட்டாள். மாமா கதிரையை மாமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அப்பா கதிரைப் பக்கம் போகவில்லை. நேராக வந்து முதல் படிக்குக் கீழே நின்றார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"மயூரி" என்று கூப்பிட்டார்.

அவள் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இது யார் வீடு?"

"என்ட" என்றாள். அவள் எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள். பூனையும் அவளுடையது, கிணறும் அவளுடையது, அடுத்த வீட்டுச் சைக்கிளும் அவளுடையது.

"உன் வீடுதான?" அப்பா இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். "சத்தமாச் சொல்லு, உங்கம்மாவுக்குக் கேக்கட்டும்."

"என்ட வீடு."

"அப்போ தாத்தா ஊருக்குப் போற வரைக்கும் உன் வீட்டுல தங்கிக்கவா?"

மயூரி பூனையை இறக்கி விட்டாள். கொஞ்சம் யோசித்தாள். மாமி உள்ளே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் ஐந்து பெரியவர்களின் மரியாதையும் அந்த மூன்று வயதுக்காரியின் வாயில் இருந்தது. அவள் காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் ஏலாது என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

"ஓம்" என்றாள். பிறகு, "செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ, அப்பப்பா."

அப்பா செருப்பைக் கழற்றினார். சுகந்தி கரண்டியை என் கையில் திணித்துவிட்டுச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் காலைக் கழுவிக்கொண்டு, மீதியைக் குடித்துவிட்டு, படியேறி உள்ளே வந்தார். சுவரை ஒரு தரம் தட்டிப் பார்த்தார். "நல்லாக் கட்டியிருக்காங்க" என்று பொதுவாகச் சொன்னார்.

இலை போடவில்லை. இங்கே வெள்ளிக்கிழமையும் தட்டுதான். மாமாவும் அப்பாவும் அருகருகே உட்கார்ந்தார்கள். மாமி பரிமாறினார். அப்பா முருங்கைக்காய்க் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். பாதிச் சாப்பாட்டில் மாமா பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். நம்ம ரெண்டு பேருமே இங்க விருந்தாளிதான்."

மாமா வாயிலிருந்ததை மென்று முடித்தார். "கலியாணம் முடிச்ச நாள் துடக்கம் எனக்கு அது தெரியும்" என்றார். "கேக்கிறதுக்குத்தான் ஆள் இல்லாமல் இருந்தது."

அப்பா சிரிக்கத் தொடங்கி, புரையேறி, மாமா முதுகில் தட்டும்படி ஆயிற்று. மாமி குழம்புச் சட்டியோடு குசினி வாசலில் நின்றார்.

"விருந்தாளியள் கதையை விட்டிட்டுச் சாப்பிடுங்கோ" என்றார். "சோறு ஆறுது."